சந்திரகலாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

திருவண்ணாமலையில் ஒருவர் நடந்து போனால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள், அவர் மலையைச் சுற்றி நடக்கிறவரை. செருப்பில்லாமல் கொதிக்கிற தார் ரோட்டில் நடந்தாலும் ஓரமாய் ஒதுங்கி வழிவிட்டு, மோர் கொடுத்து அனுப்புவோம். அதே ஆள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் பத்துக் கிலோமீட்டர் நடந்தால் அவருக்கு ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிடுவோம். நானும் இந்த ஊர்க்காரன்தான். அப்படித்தான் முடிவு கட்டினேன்.

சந்திரகலாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையை முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் எழுதமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்ததும் வேங்கிக்காலில் அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. அதில் ஒன்றில் நான் உதவியாளர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பணியாளர் சம்பந்தப்பட்ட கோப்புகள் என் மேஜைக்கு வரும். தொண்ணூற்று ஒன்றில் சந்திரகலா தட்டச்சராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. தண்டராம்பட்டுக்குப் பக்கத்தில் சொந்த ஊர். அம்மாவோடும் அண்ணன் பரசுராமன் குடும்பத்தோடும் டவுனில் வாடகை வீட்டில் இருந்தார். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதைத் தப்பில்லாமல் படித்து அடிக்கிறவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை காலையில் அவர் முகம் வெயிலில் கறுத்திருக்கும். புடவைக் கரையில் நாயுருவி ஒட்டிக்கொண்டிருக்கும். அலுவலகக் கடைநிலை ஊழியர் வேடியப்பன் விடமாட்டார்.

"நேத்து எங்கம்மா போயிருந்த?"

"சாத்தனூர் டேம்ல எறங்கி, கால்வாய் ஓரமாவே வாணாபுரம் வரைக்கும் நடந்தேண்ணே."

"அய்யய்யோ. பஸ் வரலியா?"

"வந்துச்சு. நான்தான் ஏறல."

அலுவலகமே சிரிக்கும். அவரும் சிரிப்பார். அவருடைய ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான். காலை முதல் பஸ்ஸில் ஏறி, தென்பெண்ணை ஓரத்தில் ஏதோ ஒரு ஊரில் இறங்குவார். ஆற்றங்கரையிலோ கால்வாய்க் கரையிலோ கரும்புக் கொல்லை வரப்பிலோ மூன்று நான்கு மணி நேரம் நடந்து, வேறொரு ஊருக்குப் போய், அங்கிருந்து வேறொரு பஸ் பிடித்து வீட்டுக்கு வருவார். இறங்கிய இடத்திலேயே திரும்ப ஏறக்கூடாது என்பது அவர் வைத்திருந்த ஒரே விதி. ஏன் என்று கேட்டேன். "அதே பஸ்ல போய் அதே பஸ்ல வந்தா அது ஆபீஸ் சார்" என்றார்.

"அப்படி நடந்து இன்னாதான் கெடைக்குது?" என்று ஒரு நாள் வேடியப்பன் கேட்டார்.

"ஆறு நாளும் யாரோ எழுதினதை நான் அடிக்கிறேன். ஒரு நாளாவது என் கால் போற எடத்துக்கு நான் போறனே."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த 'யாரோ' நான்தான் என்று தோன்றியது.

இன்னொன்றும் உண்டு. ஒரு பௌர்ணமிக்கு, என் மனைவியோடு கிரிவலம் வாருங்கள், துணையாக இருக்கும் என்று அவரைக் கூப்பிட்டேன். "வேணாம் சார், கூட்டத்துல நடக்க எனக்கு வராது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் இந்த ஊரில் பிறந்து, மாதா மாதம் பதினான்கு கிலோமீட்டர் சுற்றுகிறவன் நான். சாமி இல்லாத பக்கம் நடப்பாளாம், சாமியைச் சுற்றி நடக்கமாட்டாளாம் என்று வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளினேன். என் மனைவி, "அந்தப் பொண்ணுக்கு வராதுன்னா விடுங்களேன்" என்றாள். விட்டிருக்கலாம்.

தொண்ணூற்று நான்கு, பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணலூர்ப்பேட்டைக்கு அந்தப் பக்கம் என் மாமனார் ஊரில் காதுகுத்து. பஸ்ஸில் நிற்க இடமில்லை. எனக்கு மட்டும் ஜன்னலோரம் கிடைத்தது, மடியில் என் சின்ன மகளோடு. அவள் தச்சம்பட்டு தாண்டியதுமே என் புதுச் சட்டையில் வாந்தி எடுத்தாள். சீர்வரிசைத் தட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்ததற்காக மனைவியும் நானும் பஸ் முழுக்கக் கேட்கும்படி சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பனந்தோப்பு ஓரத்தில் மாட்டு வண்டி குறுக்கே வந்து பஸ் நின்றது.

தோப்பு நிழலில் சந்திரகலா உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, காலை நீட்டிக்கொண்டு, பனையோலைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பதநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே கலயத்தோடு ஒருவர். அவர் மனைவி பக்கத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். ஏதோ பேசிச் சிரித்தார்கள். எந்த அவசரமும் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பதை அப்போது என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வாந்தி நாற்றத்தில் நான் நெளிந்துகொண்டிருக்க, அவர் மட்டும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். வயிறு எரிந்தது. வேறு எந்தப் பெயரும் அதற்கு இல்லை.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்து, பட்டையைக் கீழே வைத்துவிட்டு, கையை உயர்த்தி ஆட்டினார். நான் மகளின் வாயைத் துடைக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். பஸ் கிளம்பியது.

மறுநாள் காலையில் என் மேஜைக்கு வந்து கேட்டார். "சார், நேத்து மணலூர்ப்பேட்டை பஸ்ல போனீங்களா?"

"நானா? இல்லியேம்மா. வீட்டுலதான் இருந்தேன்."

"அப்படியா சார்? உங்களாட்டமே ஒருத்தர்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய்யைச் சொன்ன பிறகு அதற்குத் துணையாக இன்னொன்று செய்யத் தோன்றியது என்று மட்டும் தெரியும். அன்று சாயங்காலம் தபால் நிலையத்தில் ஒரு இன்லண்ட் கவர் வாங்கி, கையெழுத்து தெரியாதபடி கொட்டை எழுத்தில் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். அலுவலகத் தட்டச்சர் செல்வி சந்திரகலா ஞாயிறுதோறும் தனியாக வெளியூர் சென்று வருவதாகவும், பனந்தோப்பில் அன்னிய ஆணுடன் அமர்ந்து கள் போன்ற பானம் அருந்தியதை நேரில் கண்டதாகவும், அரசு ஊழியருக்கு இது அழகல்ல என்றும். கீழே 'பொதுநலம் விரும்பி'.

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் கள் இறங்காது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கலயத்தின் வாயில் வெள்ளைச் சுண்ணாம்பு பூத்திருந்ததைப் பார்த்தேன். அதனால்தான் 'கள்' என்று எழுதாமல் 'கள் போன்ற' என்று எழுதினேன். அரசு வேலையில் பத்து வருடம் கற்றுக்கொண்ட வித்தை அது. ஓலை கிழித்துக்கொண்டிருந்த அந்த மனைவியை எழுதாமல் விட்டேன். அதுவும் வித்தைதான்.

வியாழக்கிழமை தபாலில் கடுதாசி வந்தது. அதிகாரி கைலாசநாதன் பார்த்து, குறிப்பு எழுதச் சொல்லி என் மேஜைக்கே அனுப்பினார். என் கடுதாசிக்கு நானே எண் போட்டேன். அந்த நேரத்தில்கூட எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். 'பெயரில்லாத மனு, நடவடிக்கை தேவையில்லை' என்று ஒரு வரி எழுதினால் கோப்பு மூடிவிடும். நூறு மொட்டைக் கடுதாசிகளை அப்படி மூடியிருக்கிறேன். அன்றைக்கு என் பேனா, 'உண்மை நிலை அறிய விசாரிக்கலாம்' என்று எழுதியது. பேனா எழுதியது என்று சொல்வதும் கோழைத்தனம்தான். நான் எழுதினேன்.

விசாரணை என்றால் என்ன? ஒருவர் சைக்கிளில் போய் சந்திரகலா குடியிருக்கும் தெருவில் நாலு வீட்டில் கேட்பார். "அந்தப் பொண்ணு எப்படி? ஞாயித்துக்கெழம எங்க போவுது? குடிக்கிற பழக்கம் உண்டா?" அவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் கேள்வி அந்தத் தெருவிலேயே தங்கிவிடும். பதில் கோப்புக்குப் போய்விடும்.

அந்த வாரமே அதிகாரி அறையில் சந்திரகலா நின்றபோது நானும் கோப்போடு நின்றேன். கடுதாசியை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமைல எங்கம்மா போறீங்க?" என்றார் கைலாசநாதன். கெட்டவர் இல்லை. கேட்கவேண்டியிருந்ததால் கேட்டார்.

"நடக்கப் போறேன் சார்."

"வேண்டுதலா?"

"இல்ல சார்."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு?"

"நடக்கிறதுக்குத்தான் சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சந்திரகலா பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருந்தன. போன பஸ், இறங்கிய இடம், நடந்த வழி, திரும்பிய பஸ். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு டிக்கெட், பசை போட்டு ஒட்டியது. கைலாசநாதன் இரண்டு பக்கம் புரட்டினார், சிரித்துவிட்டார். "நீங்க போம்மா, ஒண்ணுமில்ல" என்றார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று கோப்பு மூடியது. நோட்டை என்னிடம் கொடுத்து, ஆதாரமாகச் சேர்த்து வைக்கச் சொன்னார். நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் துணி நாடாவில் கட்டி வைத்தேன்.

வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. ஆனால் வீட்டில் அம்மா அழுதார். பரசுராமன், "இனிமே ஞாயித்துக்கெழமை நீ வாசப்படி தாண்டினா நான் தூக்குல தொங்கிடுவேன்" என்று சொன்னாராம். இதை வேடியப்பன்தான் என்னிடம் சொன்னார். "எவன் எழுதினானோ சார், அவன் கை அழுவிப் போவ" என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் சந்திரகலாவின் முகம் மற்ற நாள் போலவே இருந்தது. புடவைக் கரை சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு முறை என்னிடம் வந்து, "சார், கோப்பு மூடிட்டாங்களே, அந்த நோட்டு மட்டும் குடுத்துடுங்களேன்" என்று கேட்டார்.

"கோப்புல சேந்த ஆவணம்மா அது. திருப்பித் தர விதி இல்ல" என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று நான் தேடவே இல்லை. அவர் என் கண் எதிரிலேயே அதைப் பிரித்துப் படிப்பாரோ, அதில் என்னைப் பற்றி ஏதாவது இருக்குமோ என்று ஒரு பயம்.

அதன் பிறகு ஏழு வருடம் என் கோழிக் கிளறலை அவர்தான் அடித்தார். காலையில் "வணக்கம் சார்" என்பதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் பதவி உயர்வில் வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டார். அவர் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கும் சேர்த்தே இப்போது வெட்கப்படுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தில் பதிவறையைக் காலி செய்தோம். பத்து வருடத்துக்கு முந்தைய கோப்புகளை அழிக்க வேண்டும், கண்காணிப்பாளராக நான்தான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது மூட்டையில் அந்தக் கோப்பு வந்தது. பதினோரு வருடம் கழித்து நோட்டைப் பிரித்தேன்.

'சாத்தனூர் கால்வாய்: இரண்டாவது மதகில் தண்ணீர் குடிக்கலாம்.' 'இந்தக் கொட்டாய் நாய் குரைக்கும், கடிக்காது.' 'வாணாபுரம் பஸ் நாலு பத்துக்கு. அரச மரத்தடியில் நின்றால் டிரைவர் நிறுத்துவார்.' 'இன்று மழை. ஒதுங்கிய வீட்டில் வேர்க்கடலை அவித்துக் கொடுத்தார்கள். மலை இங்கிருந்து சின்னதாகத் தெரிகிறது.' பக்கம் பக்கமாக இப்படி. மூட்டைகள் மேலேயே உட்கார்ந்து படித்தேன். கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்கு வந்தேன்.

'மணலூர்ப்பேட்டைப் பாலம். பதநீர். ராஜேந்திரன் சார் குடும்பத்தோடு பஸ்ஸில் போனார். தெரிந்த முகத்தை இந்தப் பக்கம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கை காட்டினேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை போல, சார் கவனிக்கவில்லை.'

அதற்குக் கீழே வேறு மையில்: 'கேட்டேன். அவர் இல்லையாம்.'

என் பெயர் எழுதிய அந்தப் பக்கத்தை அவர் அதிகாரியின் மேஜையிலேயே வைத்திருக்கிறார். கைலாசநாதன் கடைசிப் பக்கம்வரை புரட்டவில்லை. நான் பிரிக்கவே இல்லை. அடுத்து நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கடுதாசியைக் கோப்போடு அழிக்க அனுப்பினேன். கிழித்த தாளை மட்டும் எறிய முடியவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன். சட்டை மாற்றும்போது அதையும் மாற்றுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டைப் பார்த்து நடந்து பார்க்கலாம் என்று சாத்தனூர் பஸ்ஸில் ஏறினேன். பாவம் கழியும் என்று நினைத்தேனோ என்னவோ. கால்வாய்க் கரையில் நோட்டும் கையுமாகப் போகிறவனைக் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிறுத்தினாள்.

"இன்னா சார், நெலம் அளக்க வந்துகிறியா?"

"இல்லம்மா, சும்மா நடக்க வந்தேன்."

"சும்மாவா? வூட்ல சண்டையா?"

'நடக்கிறதுக்குத்தான்' என்ற பதில் என் வாயில் வரவில்லை. அதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது. அதிகாரி அறையில், தலை குனியாமல், அதை ஒருவர் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றவன் நான். இரண்டாவது மதகில் தண்ணீர் குடித்தேன். நாய் இல்லை. வாணாபுரத்தில் அரச மரம் இருந்தது, நாலு பத்து பஸ்ஸை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

அடுத்த வாரம் சந்திரகலா வீட்டுக்குப் போனேன். அண்ணன் தனிக்குடித்தனம் போய்விட்டிருந்தார். அம்மாவும் அவரும் மட்டும். நாற்பது வயதுக்குள் முடி பாதி நரைத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து வந்தார்.

"வாங்க சார். முட்டி தேஞ்சு போச்சுன்றாங்க. ஜாஸ்தி நடக்கக் கூடாதாம், பஸ் படி ஏறக் கூடாதாம்" என்று சிரித்தார். "ஆபீசுக்கே ஆட்டோலதான் போறேன்."

"பழைய கோப்பு அழிக்கிறப்போ கெடச்சுதும்மா" என்று நோட்டை நீட்டினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த பேச்சில் பாதியைக்கூட நான் சொல்லவில்லை.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அன்றைக்குப் பட்டையைப் பிடித்திருந்த மாதிரியே. "நீங்க நடந்தீங்களா சார்? ஓரத்துல புது மண்ணு ஒட்டியிருக்கே" என்றார். ஆமாம் என்றேன். முகம் பளிச்சென்று ஆனது. மதகு இருக்கிறதா, கரும்பு ஆலைக் கொட்டாய் இருக்கிறதா, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். நானும் சொன்னேன். பத்து நிமிடம் பழைய திங்கட்கிழமைதான் அது. தப்பித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

பிறகு அவர் நோட்டின் முதல் பக்கத்தைப் பார்க்காமல் நேராகக் கடைசிக்குப் போனார். ஒரு தாள் போனதால் அதற்கு ஜோடியான தாள் நோட்டின் கம்பிப் பின்னிலிருந்து கழன்று அவர் மடியில் விழுந்தது. அதை எடுத்துத் திரும்ப உள்ளே செருகினார்.

"மத்ததெல்லாம் பத்திரமா இருக்குது சார்" என்றார்.

உள்ளே அவர் அம்மா பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. நான் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. "நான்தாம்மா எழுதினேன்" என்றேன். தாளைப் பற்றிச் சொல்லவில்லை, கடுதாசியைப் பற்றித்தான் என்று அவருக்குத் தெரியும்.

"தெரியும் சார். அந்த ரோட்டுல, அந்த நேரத்துல, என் பேரு தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானே."

"ஏம்மா அப்பவே கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். தெனம் டிராஃப்ட் கொண்டாந்து வெப்பீங்க இல்ல, அப்பல்லாம் உங்க மூஞ்சியப் பாப்பேன்."

அவர் தாளைப் பிரித்து, மடிப்பை விரலால் நீவி, நோட்டில் அதன் இடத்தில் வைத்தார். ஒரு முறை படித்தார். பேச வாயெடுத்த என்னைக் கையமர்த்தினார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன்.

"இத எழுதினப்போ, நீங்க என்னைப் பாக்கலன்னு நெசமாவே நம்பினேன் சார்" என்றார்.